சின்ன கேம் ஸ்டூடியோவின் வெப்சைட் டிசைனுக்கு உருப்படியான கருத்து வாங்குவது எப்படி?

கேட்டவர் சொல்வது இதுதான்: மூன்று பேர் சேர்ந்த ஸ்டூடியோ, முதல் பிசி கேமுக்கு ஸ்டீமில் (பிசி கேம்கள் விற்கும் ஆன்லைன் கடை) பக்கம் திறந்தாயிற்று, கூடவே சொந்தமாக ஒரு வெப்சைட்டும் செய்து, நண்பர்கள், காலேஜ் வாட்ஸப் குரூப் என்று எல்லா இடத்திலும் லிங்க் போட்டு 'எப்படி இருக்கு, சொல்லுங்க' என்று கேட்டிருக்கிறார். வந்ததெல்லாம் 'சூப்பர் ப்ரோ', 'வேற லெவல்', நெருப்பு எமோஜி, அப்புறம் 'பேக்ரவுண்டு கொஞ்சம் டார்க்கா இருக்கோ' என்று ஒரே ஒருவர். இதை வைத்துக்கொண்டு எதை மாற்றுவது?

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போகிறவரை நிறுத்தி, பெண்ணின் அப்பா 'சாப்பாடு எப்படி?' என்று கேட்டால் ரசத்தில் உப்பு இல்லை என்று யார் சொல்வார்? நீங்கள் அபிப்பிராயம் கேட்டீர்கள், அவர்கள் ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் வெப் டெவலப்பர், சில சின்ன ஸ்டூடியோக்களுக்குத் தளம் செய்து கொடுத்திருக்கிறேன். என் அனுபவத்தில் 'எப்படி இருக்கு' என்ற கேள்வியை அடியோடு விட்டுவிட்டு, ஆளிடம் ஒரு வேலையைக் கொடுத்து, அவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் பலன் தருகிறது. அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: அந்த வெப்சைட்டுக்கு யார் வரப்போகிறார்கள்? விளையாடுகிறவர்களில் பெரும்பாலோர் நேராக ஸ்டீமுக்கே போய்விடுவார்கள், உங்கள் தளம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தேடி வருகிறவர்கள் வேறு ஆட்கள்: கேமைப் பற்றி வீடியோ போட நினைக்கும் யூட்யூபர், எழுதப்போகும் பத்திரிகையாளர், கேமுக்குப் பணம் போட்டு வெளியிடும் பப்ளிஷர் தரப்பில் ஒருவர், வேலை கேட்கும் ஆர்ட்டிஸ்ட், இன்ஸ்டாகிராமில் ஒரு ரீலைப் பார்த்துவிட்டு பயோவில் இருக்கும் லிங்க்கைத் தட்டியவர். இவர்களைப் போன்ற ஆட்களின் கருத்துதான் உங்களுக்கு வேண்டும், உங்கள் கல்லூரி சீனியருடையது இல்லை.

முதலில் ஐந்து விநாடி சோதனை. கேமைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் முகப்புப் பக்கத்தை ஐந்து விநாடி காட்டிவிட்டு லேப்டாப்பை மூடிவிடுங்கள். என்ன மாதிரி கேம், அதில் நாம் யார், பெயர் என்ன என்று கேளுங்கள். பெயரில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். லோகோவை எழுத்தா கொடியா என்று தெரியாத அளவுக்கு வளைத்து வரைந்திருப்போம், நமக்குப் பழகிவிட்டது, புதியவரால் படிக்கவே முடியாது. படிக்க முடியாத பெயரை ஸ்டீம் தேடல் பெட்டியில் எப்படி டைப் செய்வார்? 'என்ன மாதிரி கேம்' என்பதற்கு 'ஏதோ ஃபேன்டசி' என்று பதில் வந்தால் உங்கள் முகப்பு வாசகம் வேலை செய்யவில்லை. 2023ல் வந்த 'வெண்பா'வை எடுத்துக்கொள்ளுங்கள், டொரொன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980களில் குடும்பத்தோடு கனடாவுக்குக் குடியேறும் ஒரு அம்மாவாக இருந்து சமைக்கும் கதை கேம் என்று ஒரே வாக்கியத்தில் அதைச் சொல்லிவிட முடிகிறது. நான் யார், என்ன செய்யப்போகிறேன், எங்கே, எப்போது, எல்லாம் அதில் வந்துவிட்டது. 'மறக்க முடியாத அனுபவங்களைப் படைக்கும் ஆர்வமுள்ள இளைஞர் குழு' என்று உங்கள் முகப்பில் இருந்தால் (பாதி ஸ்டூடியோ தளங்களில் இதுதான் இருக்கிறது) அதைத் தூக்கிவிட்டு இப்படி ஒரு வாக்கியத்தைப் போடுங்கள்.

அடுத்தது வேலை கொடுப்பது. யூட்யூப் சேனல் வைத்திருக்கும் ஒருவரைப் பிடியுங்கள், இருநூறு சப்ஸ்கிரைபர் போதும். 'நாளைக்கு இந்த கேமைப் பற்றி ஒரு வீடியோ போடணும், தேவையானதையெல்லாம் இந்த சைட்டிலிருந்தே எடுத்துக்கோ' என்று சொல்லிவிட்டு, மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. 'அது மேல மெனுல இருக்கு பாருங்க' என்று நாக்கு நுனி வரைக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நிஜமாக வருகிறவர் பக்கத்தில் நீங்கள் இருக்கப்போவதில்லை. ட்ரெய்லரை டவுன்லோட் செய்ய முடிகிறதா, மேலே எழுத்து எதுவும் ஒட்டாத ஸ்கிரீன்ஷாட் கிடைக்கிறதா, பின்னணி இல்லாத பிஎன்ஜி லோகோ, வெளியீட்டுத் தேதி, விலை, பிசி, கன்சோல் என்று எதிலெல்லாம் விளையாடலாம், நேரடி மின்னஞ்சல் முகவரி... இவை எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்குத்தான் பிரஸ் கிட் என்று பெயர். விளாம்பீர் என்ற டச்சு ஸ்டூடியோவின் ரமி இஸ்மாயில் இதற்காகவே 'பிரஸ்கிட்' என்று ஒரு இலவசக் கருவியை வெளியிட்டார், இண்டி ஸ்டூடியோக்கள் (பெரிய கம்பெனி பின்னால் இல்லாத சின்ன ஸ்டூடியோக்கள்) பலவும் அதைப் பயன்படுத்தியிருக்கின்றன. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, எங்கள் கேமை வைத்து வீடியோ போட்டு நீங்கள் சம்பாதிக்கலாம் என்று வெளிப்படையாக அனுமதி சொல்ல ஒரு பகுதி இருந்தது. இந்த ஒரு வரியை உங்கள் தளத்திலும் போடுங்கள், காசு செலவில்லை.

எத்தனை பேரிடம் செய்வது? ஒரு தளம் பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று ஆராயும் யூசபிலிட்டி துறையில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000லேயே எழுதினார்: ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான கோளாறுகள் வெளியே வந்துவிடும், மீதிக் காசை அதைத் திருத்திவிட்டு மறுபடி சோதிக்கச் செலவழியுங்கள் என்று. ஐந்து பேருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தாலும் ஒரு டிசைன் ஆலோசகரை வைப்பதைவிட மலிவு.

ஒருவரையாவது போனில் செய்யச் சொல்லுங்கள், உங்கள் போனில் வேண்டாம், அவருடைய போனில், மொபைல் டேட்டாவில். லிங்க்கை இன்ஸ்டாகிராமிலிருந்து தட்டினால் அது அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும் பிரவுசரில் திறக்கும், அங்கே அவர் ஸ்டீமில் லாகின் செய்திருக்க மாட்டார். விஷ்லிஸ்ட் பட்டனை (பிறகு வாங்க கேமைக் குறித்து வைப்பது) அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்கும், பலர் அங்கேயே மூடிவிட்டுப் போய்விடுவார்கள். இதை டிசைனால் முழுசாகச் சரிசெய்ய முடியாது. ஆனால் கேம் பெயரைப் பெரிதாக, சாதாரண எழுத்தில், பட்டனுக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்தால் வீட்டுக்குப் போய் ஸ்டீமில் தேடுவார்.

டிசைனர்கள் இருக்கும் குழுக்களில் கேட்பதும் நல்லதுதான், கேட்கிற விதம் முக்கியம். வெறும் லிங்க்கைப் போட்டு 'ஃபீட்பேக் ப்ளீஸ்' என்றால் ஃபான்ட்டைப் பற்றி நாலு பேர் சண்டை போடுவார்கள். இந்தத் தளத்துக்கு முக்கியமாக வருவது இன்னார், அவர் செய்ய வேண்டியது இது, எங்களுக்குச் சந்தேகம் இந்த இடத்தில், கலர் கேமோடு ஒட்டியது அதனால் மாற்ற மாட்டோம் என்று நாலு வரி எழுதிக் கேளுங்கள், வருகிற பதிலின் தரமே வேறாக இருக்கும். வந்த பதில்களில் ஒருவர் எங்கே தடுக்கினார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று அவர் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு விட்டுவிடலாம். ஒரே இடத்தில் மூன்று பேர் தடுக்கினால் அன்றைக்கே திருத்துங்கள். 'டார்க்கா இருக்கோ' என்றவரை என்ன செய்வது? எதைப் படிக்க முடியவில்லை என்று அவரிடம் திருப்பிக் கேளுங்கள். சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து என்று தெரியவந்தாலும் வரும்.

சில விஷயங்களுக்கு யாருடைய கருத்தும் தேவையில்லை. தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முகவரியைக் கொடுங்கள், முக்கியமான படமோ எழுத்தோ திரைக்கு வர 2.5 விநாடிக்கு மேல் எடுத்தால் அது சுமார்தான். கேம் ஸ்டூடியோ தளங்களில் குற்றவாளி அநேகமாக ஜிஃப் படங்கள், அவற்றை சத்தமில்லாத எம்பி4 ஆக மாற்றினாலே எடை பெருமளவு குறையும். ட்ரெய்லரைச் சத்தத்தோடு தானாக ஓட வைக்கும் ஆசை இருந்தால் மறந்துவிடுங்கள், குரோம் 2018லிருந்தே அதைத் தடுக்கிறது, தடுக்காவிட்டாலும் ஆபீஸில் திறந்தவர் உங்களைச் சபிப்பார். லிங்க்கை வாட்ஸப்பில் அனுப்பிப் பாருங்கள், படமும் தலைப்பும் வராவிட்டால் ஓபன் கிராஃப் டேக் (லிங்க்கோடு எந்தப் படம், தலைப்பு காட்ட வேண்டும் என்று பக்கத்தின் கோடில் எழுதும் வரிகள்) போடவில்லை என்று அர்த்தம். விளையாடுகிறவர்கள் கூடிப் பேசும் டிஸ்கார்ட் ஆப்பில் உங்கள் குழுவுக்கான அழைப்பு லிங்க் காலாவதி ஆகாததா என்று பாருங்கள். நாளைக்கு விளம்பரம் வைத்து மொபைல் கேம் போடும் எண்ணம் இருந்தால், கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாப் கேட்கும் ஆப்-ஆட்ஸ் கோப்பை (உங்கள் ஆப்பில் விளம்பர இடத்தை விற்க யாருக்கு அனுமதி என்று சொல்வது) வைக்க இதே டொமைன் உதவும், அதனால் இலவச சப்டொமைனில் (வேறொரு கம்பெனியின் முகவரிக்குக் கீழே) இருந்தால் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, ஸ்டீமுக்குப் போகும் பட்டன் லிங்க்கில் யுடிஎம் குறியீடு (ஆள் எங்கிருந்து வந்தார் என்று காட்ட லிங்க்கின் கடைசியில் ஒட்டும் எழுத்துகள்) சேருங்கள். வெப்சைட்டிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை விஷ்லிஸ்ட் விழுந்தது என்று கேம் செய்கிறவர்களுக்கு ஸ்டீம் தரும் ஸ்டீம்வொர்க்ஸ் கணக்கிலேயே தெரியும். முகப்பு வாசகத்தை மாற்றும் முன்பும் பின்பும் அந்த எண்களைப் பாருங்கள். ஒரு மாதம் ஓடியும் வெப்சைட் வழியாக ஆளே போகவில்லை என்றால் டிசைனில் இனி நேரம் போடாதீர்கள், பிரஸ் கிட்டை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு, மீதி நேரத்தை ஸ்டீம் பக்கத்தின் ட்ரெய்லருக்கும் கேப்ஸ்யூல் படத்துக்கும் (ஸ்டீம் பட்டியல்களில் கேமுக்குக் காட்டும் அட்டைப்படம்) கொடுங்கள்.