மலையகத்தில், தோட்டச் சம்பளத்தில், தினமும் பல நிறக் காய்கறி பழம் சாப்பிட முடியுமா?

முடியும். "இதெல்லாம் கொழும்பு ஆட்களுக்குத்தான் சரி" என்று கேள்வியில் ஒரு வால் வைத்திருக்கிறீர்களே, அதற்காகவே எழுதுகிறேன். நீங்களும் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பீர்கள். நான் ஹட்டன் பக்கம்.

எங்கள் வீட்டில் ரொட்டி, சம்பல். சோற்றுக்குப் பருப்பும் உருளைக்கிழங்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 400 கிராம் காய்கறி பழக் கணக்கில் கிழங்கு சேராது. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது இரத்தம் குறைவு என்றார்கள். "கலர் கலரா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் மிட்வைஃப் மிஸ்.

சந்தையில் பீட்ரூட், நோக்கோல் (நூல்கோல்) இலைகளைத் திருகி ஓரமாகக் குவித்துவிடுவார்கள். அதைப் பை நிறைய அள்ளினேன். "ஆட்டுக்கா அக்கா?" என்றான் கடைப் பையன். "ஆமா, ரெண்டு கால் ஆடு" என்றேன். சிவப்புக் காம்பைப் பொடியாக அரிந்து முதலில் வதக்கி, இலையைக் கடைசியில் போட்டு, தேங்காய்ப்பூ சேர்த்துக் கிளறினால் பூவெல்லாம் ரோஸ் நிறமாகிவிடும். இறக்கித் தேசிக்காய் பிழிய வேண்டும். அந்தச் சாற்றிலுள்ள விட்டமின் சி, கீரையின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேர உதவும்.

கீரையால் மட்டும் இரத்தம் ஏறாது என்று யாராவது வருவார்கள். தெரியும். கிளினிக்கில் தந்த குளிசையையும் விடாமல் விழுங்கினேன். மருந்தடித்த இலை என்பீர்கள். பீலியில், அதாவது மலை ஊற்றுக் குழாயில், ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசித்தான் எடுத்தேன். சாப்பாட்டோடு பிளேன்டீ குடித்தால் இரும்பு சரியாகச் சேராது. கொழுந்து பறிக்கிறவளே தேயிலையைக் குறை சொல்கிறாள் என்று சண்டைக்கு வராதீர்கள், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், ஒரே நாளில் எல்லா நிறமும் தேவையில்லை. இன்றைக்கு உடைந்த கரட், அது மலிவு, நாளைக்குப் பூசணி. வேலியோரம் ஒரு மரத்தக்காளிக் கன்று வையுங்கள், அது கேட்பாரற்று வளரும்.

நல்ல கரட்டெல்லாம் கழுவி லொறியில் கீழே போகிறது, அது வேறு கதை. எனக்கு ஆத்திரம் பஸ்ஸில்தான். மடியில் வைத்த இலைப் பைக்கும் டிக்கெட் கேட்கிறார் கண்டக்டர். இறங்கும்போது மிச்சக் காசும் தருவதில்லை.