சாலை அகலமாச்சு, நெரிசல் ஏன் அப்படியே இருக்கு?

வாசகர் கேள்விகளுக்குச் சாலைப் பொறியியல் வல்லுநர்களின் பதில்கள்

கேள்வி: நாங்கள் தினமும் போகும் நான்கு தடச் சாலையை ஆறு தடமாக்கினார்கள். முதல் ஆறு மாதம் சுகமாகப் போனோம். இப்போது பழையபடி ஊர்ந்துகொண்டிருக்கிறோம். வேலை சரியில்லையா, திட்டமே தப்பா?

பதில்: வேலை சரியாகவே நடந்திருக்கலாம். கணக்குதான் தப்பு. சாலை காலியானது தெரிந்ததும், நெரிசலுக்குப் பயந்து விடியற்காலையில் கிளம்பியவர் எட்டரை மணிக்குக் கிளம்புவார். தெருத்தெருவாகச் சுற்றிப் போனவர் இந்தப் பக்கம் திரும்புவார். பேருந்தில் போனவர் வண்டியை எடுப்பார். அந்தோணி டவுன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் 1962-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி விரைவுச்சாலையை 2008-ல் அகலப்படுத்தி முடித்தபோது, சில இடங்களில் பக்கச்சாலைகளையும் சேர்த்து 26 தடங்கள் இருந்தன. சில ஆண்டுகளிலேயே அங்கே பீக் அவர் பயண நேரம் மறுபடி ஏறியது.

அதற்காக அகலப்படுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. புதிய தடத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்று பாருங்கள். தடையில்லாத ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1,800 கார்கள் போகலாம். காருக்கு ஒன்றரைப் பேர் என்றால் 2,700 பேர். அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து, உள்ளே 60 பேர் என்றால் 3,600 பேர். அப்போதும் அந்தத் தடம் பெரும்பாலான நேரம் காலியாகத்தான் கிடக்கும். காலியாகக் கிடக்கிறதே என்று அதில் கார்களை விடச் சொல்வது பெரிய தவறு. அந்தக் காலி இடம் இருப்பதால்தான் பேருந்து நேரத்துக்கு வருகிறது.

கேள்வி: மேம்பாலத்தில் இரண்டே நிமிடத்தில் பறந்து போய், இறங்கியதும் அரை மணி நேரம் நிற்கிறோம். இது எல்லா மேம்பாலத்துக்கும் வரும் வியாதியா?

பதில்: அடுத்த சிக்னலைக் கணக்கில் சேர்க்காமல் கட்டிய எல்லா மேம்பாலத்துக்கும் வரும். எண்களைப் போட்டுப் பார்த்தால் உடனே புரிந்துவிடும். பாலத்தில் ஒரு திசைக்கு இரண்டு தடம், சிக்னல் இல்லை. மணிக்கு 3,600 வண்டிகள் வரை அது தாங்கும். இறங்கியதும் வரும் சந்திப்பில் எல்லாப் பக்கத்துக்கும் ஒருமுறை பச்சை வந்து முடியும் சுற்று 100 விநாடி. அதில் நம் பக்கத்துக்குப் பச்சை 40 விநாடி. அங்கே ஒரு தடம் மணிக்கு 720 வண்டிகளைத்தான் விடும், இரண்டு தடம் 1,440. காலையில் மணிக்கு 2,400 வண்டிகள் வந்தால், ஒரு மணி நேர முடிவில் 960 வண்டிகள் தேங்கி நிற்கும். தடத்துக்கு 480. ஒரு வண்டி இடைவெளியோடு 7 மீட்டர் எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால் வரிசையின் நீளம் 3,360 மீட்டர். பாலத்தின் நீளமே அவ்வளவு இருக்காது. வரிசை பாலத்தைத் தாண்டி, எந்தச் சந்திப்பைக் காப்பாற்றப் பாலம் கட்டினார்களோ அதையே அடைத்துவிடும்.

பாலம் கட்டுவதற்கு முன்பே அடுத்த சந்திப்பைச் சரிசெய்ய வேண்டும். திரும்பும் வண்டிகளுக்குத் தனித் தடம் வெட்ட வேண்டும். இறங்குமிடத்துக்கும் சிக்னலுக்கும் நடுவே பேருந்து நிறுத்தம் வைக்கவே கூடாது. பாலத்திலிருந்து இறங்குபவரும் கீழ்ச்சாலையில் வருபவரும் ஒருவரையொருவர் வெட்டித் தடம் மாறும் இடம் அது. அங்கே ஒரு பேருந்து நின்றால் இரண்டு வரிசையும் செத்துவிடும்.

கேள்வி: பச்சை விளக்கு நேரத்தைக் கூட்டினால் போதாதா?

பதில்: ஓரளவுக்குத்தான். ஒவ்வொரு முறை விளக்கு மாறும்போதும் சுமார் 4 விநாடி யாருக்கும் பயனில்லாமல் போகிறது. நான்கு பக்கமும் தனித்தனியாகப் பச்சை என்றால் சுற்றுக்கு 16 விநாடி வீண். சுற்று நேரத்தைக் கணக்கிட பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958-ல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்டுங்கள். சந்திப்பின் சுமை 0.8, அதாவது அதன் திறனில் எண்பது சதவீதம் என்றால், ஒன்றிலிருந்து அதைக் கழித்து வரும் 0.2-ஆல் வகுங்கள். கிடைப்பது 145 விநாடி. எதிரெதிர்ப் பக்கங்களை ஒன்றாக விட்டு இரண்டு கட்டமாக்கினால் வீண் 8 விநாடிதான். சுமை அதே 0.8 என்றே வைத்தாலும் 85 விநாடி போதும். பச்சையை நீட்டுவதைவிடக் கட்டங்களைக் குறைப்பது மேல். சுற்றை 120-லிருந்து 180 விநாடியாக்கினால் இதே நான்கு கட்டச் சந்திப்பில் கூடுதலாகப் போகும் வண்டிகள் ஐந்து சதவீதம்தான். காத்திருப்பதோ எல்லோருக்கும் கூடுகிறது. திரும்பக் காத்திருப்பவர்கள் தங்கள் தடம் நிரம்பி, நேராகப் போகிறவரின் வழியிலும் வந்து நிற்பார்கள்.

கேள்வி: சாலையை மூடினால் நெரிசல் குறையும் என்று படித்தேன். நம்பலாமா?

பதில்: சில இடங்களில் உண்மை. 1968-ல் டீட்ரிச் பிராயஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் இதைக் காட்டினார். ஓர் உதாரணம்: ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் 4,000 வண்டிகள், இரண்டு வழிகள். ஒவ்வொரு வழியிலும் ஒரு பாதி அகலம், ஒரு பாதி குறுகல். அகலமான பாதிக்கு எப்போதும் 45 நிமிடம். குறுகிய பாதியில் 100 வண்டிக்கு ஒரு நிமிடம். ஒரு வழியில் குறுகல் முதலில், மற்றதில் கடைசியில். சரிபாதியாகப் பிரிந்து போனால் 20-ம் 45-ம் சேர்ந்து 65 நிமிடம். இரண்டு குறுகல்களையும் நேரமே பிடிக்காத ஒரு குறுக்குச் சாலையால் இணைத்தால், எல்லோரும் குறுகலையே பிடிப்பார்கள். எத்தனை பேர் வந்தாலும் அது 40 நிமிடம்தானே, 45-ஐவிடக் குறைவு. முடிவில் 40-ம் 40-ம் சேர்ந்து 80 நிமிடம். புதுச் சாலை எல்லோருக்கும் 15 நிமிடத்தைக் கூட்டிவிட்டது.

சியோலில் சியோங்யேசியோன் ஓடைக்கு மேலே போன உயர்மட்டச் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கி, 2005-ல் ஓடையைத் திறந்தார்கள். நகரம் முடங்கவில்லை. நடுவில் 2004-ல் பேருந்து வழித்தடங்களை அடியோடு மாற்றியமைத்ததையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: போட்ட சாலையை மூன்றே மாதத்தில் தோண்டுகிறார்கள். தோண்டி மூடிய இடம் மழைக்குப் பிறகு உள்வாங்கிவிடுகிறது. என்ன காரணம்?

பதில்: வரிசை தவறுவதும், மூடுவதில் அவசரமும். ஆழத்தில் போக வேண்டியது முதலில்: கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், பிறகு குடிநீர், கடைசியாகக் கேபிள்கள். தார் போடுவதற்கு முன் ஒவ்வொரு சந்திப்பிலும் குறுக்கே நாலைந்து காலிக் குழாய்களைப் புதைத்து வைத்தால், பின்னால் வரும் கேபிள் அதற்குள்ளேயே நுழைந்துவிடும்.

பள்ளத்தை 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக, லேசான ஈரத்தோடு நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் இயந்திரத்தால் இறுக்க வேண்டும். ஆய்வகத்தில் அந்த மண் எட்டும் அதிகபட்ச அடர்த்தியில் 95 சதவீதமாவது வர வேண்டும். நடப்பது வேறு: ஒன்றரை மீட்டர் பள்ளத்தில் தோண்டிய களிமண்ணையே ஒரே தடவையில் கொட்டி, மேலே ரோலரை ஓட்டுகிறார்கள். இறுகுவது மேல் ஓர் அடிதான். மழைநீர் இறங்கியதும் அடிமண் அமுங்குகிறது. அந்தக் குழியில் ஒவ்வொரு வண்டியும் பிரேக் பிடிப்பதால், அந்தத் தடத்தின் ஓட்டமே குறைந்துவிடும். தாரையும் பள்ளத்தின் விளிம்போடு நிறுத்தாமல் இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டராவது தள்ளி வெட்டிப் போட வேண்டும்.

கேள்வி: பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எதைக் கேட்பது?

பதில்: சந்திப்பில் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் எத்தனை வண்டி திரும்புகிறது என்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த கணக்கைக் கேளுங்கள். முன்னும் பின்னும் உள்ள சந்திப்புகளுக்கும் அது வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் பேருந்து எங்கே நிற்கும், நடப்பவர் எங்கே கடப்பார் என்பதற்கு வரைபடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கணக்கெடுத்த தேதியையும் பாருங்கள். பள்ளி விடுமுறையில் எடுத்திருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.