சவுதியில் தொழுகை நேரத்தில் கடையை அடைத்தது ஏன்?

சவுதியில் வேலை பார்த்த நம் ஆட்களுக்கு 'சலா டைம்', அதாவது தொழுகை நேரம், என்றால் விளக்கவே வேண்டாம். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னதும் கடை, பெட்ரோல் பங்க், ஹோட்டல் எல்லாம் அரை மணி நேரம் போலக் கதவடைத்த வழக்கம் அது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அப்படியே விட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள்.

காரணம் என்னவென்றால், அங்கே ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்க் கூட்டாகத் தொழுவது ரொம்ப முக்கியம். நாலு கடை மூடி ஒன்று மட்டும் திறந்திருந்தால் வியாபாரம் முழுக்க அதற்கே போகும், அங்கே வேலை செய்பவரும் தொழப் போக முடியாது. நம் ஊரில் சலூன்கள் எல்லாம் சேர்ந்து செவ்வாய்க்கிழமை லீவு விடுகிற மாதிரிதான் இதுவும். ஐந்து வேளைத் தொழுகையில் அதிகாலைத் தொழுகையான ஃபஜ்ர் விடியும் முன்பே முடிந்துவிடும், ஆகவே கடைக்கு இடைஞ்சல் மற்ற நாலு வேளைதான். அதிலும் சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்கும் இரவுத் தொழுகையான இஷாவுக்கும் நடுவே அங்கே ஒன்றரை மணி நேரம்தான், சாயங்காலம் சாமான் வாங்கக் கிளம்பினால் ஒரு வாசலிலாவது காத்துக்கிடக்க வேண்டியிருந்தது.

இதைக் கண்காணித்த மதக் காவலர்களிடமிருந்து கைது செய்யும் அதிகாரத்தை 2016-இல் எடுத்துவிட்டார்கள். அப்புறம் 2021 ஜூலையில், தொழுகை நேரத்திலும் கடையைத் திறந்தே வைக்கலாம் என்று வர்த்தகச் சபைகளின் கூட்டமைப்பு சுற்றறிக்கை விட்டது.

முஸ்லிம் நாடு என்றாலே ஐந்து வேளையும் கடையை மூடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, துபாயிலும் கோலாலம்பூரிலும் மாலுக்குள்ளேயே தொழுகை அறை இருக்கிறது, கடை பாட்டுக்கு நடக்கும்.