பொடி வைத்த கதை

கேள்வி: 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'டாக்டர் ஜேம்ஸ் காய்ச்சல் பொடி' சக்கைப்போடு போட்டதாமே! படித்தவர்கள்கூட எப்படி ஏமாந்தார்கள்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: பொடி என்றதும் எங்கள் பழைய பிழைதிருத்துநர் நினைவுக்கு வந்துவிட்டார். மட்டையைத் தட்டி ஒரு சிட்டிகை உறிஞ்சாமல் ஒற்றெழுத்தைக்கூடத் தொடமாட்டார். ஒருநாள் புரூஃபில் சிந்திய பொடியையெல்லாம் முற்றுப்புள்ளி என்று நினைத்து அச்சுக்கோப்பவர் அப்படியே கோத்துவிட்டார். என் தலையங்கம் மும்மூன்று சொல்லாக நின்று நின்று வந்தது. முதல்முறையாகப் புரிகிறது என்று நாலு கடிதம்!

சரி, ஜேம்ஸ் பொடிக்கு வருகிறேன். ஆன்டிமனி என்ற நச்சுப்பொருளும் கால்சியம் பாஸ்பேட்டும் கலந்த சரக்கு. தின்றால் வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? ராபர்ட் ஜேம்ஸும் மரத்தடி வைத்தியர் இல்லை, மூன்று தடித் தொகுதிகளில் மருத்துவ அகராதி எழுதியவர்.

எனக்குப் பிடித்த ஆள் அதை விற்ற ஜான் நியூபெரிதான். லண்டனில் குழந்தைப் புத்தகங்களுக்குப் பேர்போன பதிப்பாளர். கடையில் புத்தகமும் உண்டு, பொடியும் உண்டு. 1765இல் அவர் வெளியிட்ட கதையில் மார்ஜரி என்றொரு சிறுமி அநாதையாகிறாள். அப்பா எப்படிச் செத்தார்? கடுங்காய்ச்சல், அதுவும் டாக்டர் ஜேம்ஸ் பொடி கிடைக்காத இடத்தில்! பொடி வைத்து எழுதுவது என்றால் இதுதான் ஐயா.

இங்கேயும் ஒரு ஆசிரியர் இருக்கிறார். அவர் பத்திரிகைத் தொடர்கதையில் நாயகி விதவையான அத்தியாயத்தில் அழுதுகொண்டே குடித்த காப்பிக்குத் தூளின் பெயரைப் போட்டார். கேட்டதற்கு "யதார்த்தம்" என்றார். அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாண வீட்டில் எதிரெதிரே இலை போட்டாலும் ரசத்தைத்தான் பார்த்துக்கொள்வோம்.

மார்ஜரி கதையை எழுதியது, நியூபெரிக்குக் கூலிக்கு எழுதிய ஆலிவர் கோல்ட்ஸ்மித்தாக இருக்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு. மருத்துவமும் படித்தவர். 1774இல் காய்ச்சலில் படுத்தவர், மருந்துக்காரர் வில்லியம் ஹாஸ் வேண்டாம் என்று மன்றாடியும் கேளாமல், அந்தப் பொடிதான் வேண்டும் என்று அடம்பிடித்துத் தின்றார். ஏப்ரல் 4ஆம் தேதி போய்விட்டார். நடந்ததை ஹாஸ் சிறு புத்தகமாகவே அச்சிட்டார். அந்த ஒரு புத்தகத்தை மட்டும் நியூபெரி கடையில் அடுக்கியிருக்க மாட்டார்கள்.