ஆர்.என்.ஏ.வை நறுக்கும் நொதிக்கு முகவரி கண்ட விதம்

கேள்வி: டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிக்கும் வசதி பரவலாக இல்லாத காலத்தில், பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வைப் பக்குவப்படுத்தும் நொதி ஒன்று பழுதுபட்டால், அதற்குக் காரணமான சடுதிமாற்றம் குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்பதை எவ்வாறு அறிந்தார்கள்?

பதில்: முதலில் கடிகாரத்தை வைத்து அறிந்தார்கள். ஈ.கோலை பாக்டீரியாவில் எச்.எஃப்.ஆர். எனப்படும் வகை, மற்றொரு செல்லுடன் இணையும்போது தன் குரோமோசோமை ஒரு முனையிலிருந்து வரிசையாக உள்ளே செலுத்தும். முழுவதும் செல்ல ஏறத்தாழ 100 நிமிடங்கள் ஆகும். 1950களில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் எலி வோல்மனும் பிரான்சுவா ஜாக்கோபும், இணைந்த செல்களைக் குறித்த நேரத்தில் மிக்சியில் சுழற்றிப் பிரித்து, எந்த மரபணு எத்தனையாவது நிமிடத்தில் போய்ச் சேருகிறது என்று கணக்கிட்டார்கள். ஈ.கோலையின் மரபணு வரைபடம் இன்றும் நிமிடங்களில் குறிக்கப்படுவது இதனால்தான்.

இது பகுதியை மட்டுமே காட்டும். இடத்தை நெருங்கிக் காண பி1 என்ற வைரஸ் உதவியது. அது ஒரு செல்லிலிருந்து மற்றொன்றுக்குச் சுமந்து செல்லும் துண்டு சுமார் 2 நிமிட நீளமே என்பதால், இரண்டு மரபணுக்கள் அடிக்கடி சேர்ந்தே போனால் அவை அண்டை அயலில் இருப்பவை என்று கொள்ளலாம்.

ஆனால் ஆர்.என்.ஏ.வை நறுக்கும் நொதி இல்லாத செல்லை வளர்ப்புத் தட்டில் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண்பது அரிது. அத்தகைய நொதிகளுள் ஒன்றான ஆர்.என்.ஏஸ் 3 இல்லாத செல் உயிருடன்தான் இருக்கும். புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான, நறுக்கப்படாத 30எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. (‘எஸ்’ மூலக்கூறின் பருமனைக் குறிக்கும் அலகு) அதில் சேர்ந்திருப்பதை ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துப் பார்த்தால்தான் அறிய முடியும். ஆகவே, தட்டில் எளிதாகத் தெரியும் அண்டை மரபணு ஒன்றைக் கொண்டு காலனிகளைத் தேர்ந்தெடுத்து, பிறகு அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் பொறுமை தேவைப்பட்டது. ஆர்.என்.ஏஸ் 3-க்கான மரபணுவின் இடத்தை 1975-இல் வில்லியம் ஸ்டடியர் வெளியிட்டார்.

நறுக்கும் மற்றொரு நொதியான ஆர்.என்.ஏஸ் ஈ இல்லாமல் செல் பிழைக்காது. எனவே வெப்பம் கூடினால் மட்டும் செயலிழக்கும் சடுதிமாற்றமே கைகொடுத்தது. 1978-இல் டேவிட் அபிரியோன் குழு விவரித்த அத்தகைய செல்லில், சூடேற்றியதும் 5எஸ் என்ற சிறிய ரைபோசோம் ஆர்.என்.ஏ. உருவாகாமல் அதன் 9எஸ் முன்வடிவம் தேங்கியது. மறு ஆண்டே ஜப்பானில் ஓனோவும் குவானோவும், புரதம் தயாரிக்கும் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வின் ஆயுளை நீட்டிக்கும் வேறொரு சடுதிமாற்றத்தை அறிவித்தார்கள். தேடிய பொருள் வேறு, வைத்த பெயர் வேறு. ஆயினும் இரண்டும் வரைபடத்தில் 24-ஆம் நிமிடத்தின் அருகே வந்து அமர்ந்தன. இத்துறையில் என்னை மிகவும் கவர்ந்த நிகழ்வு இதுவே. இரண்டும் ஒரே மரபணு என்பதும், ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைச் செதுக்கும் அதே நொதிதான் தூது ஆர்.என்.ஏ.வின் சிதைவையும் தொடங்கிவைக்கிறது என்பதும் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உறுதியாயின.