கதவு எண்ணை மறையுங்கள், ஊர்ப்பெயரை அல்ல

கேள்வி: நீதிபதிகள், காவல் அதிகாரிகளின் வீட்டு முகவரியை வெளியிடக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறதாமே? மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்த மறைப்பு எதற்கு?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: சம்பளம் நம்முடையது, அவர்கள் பிள்ளைகளின் உயிர் நம்முடையதல்ல. 2020 ஜூலை 19 அன்று நியூ ஜெர்சியில் எஸ்தர் சலாஸ் என்ற நீதிபதியின் வீட்டுக்கு, கூரியர் ஆள் போல் ஒருவன் வந்தான். அவரிடம் வழக்காடிய வழக்கறிஞன் அவன். கதவைத் திறந்த இருபது வயது மகன் டேனியலைச் சுட்டுக் கொன்றான், கணவர் படுகாயமடைந்தார். நீதிபதி எங்கே குடியிருக்கிறார், எந்தத் தேவாலயத்துக்குப் போகிறார் என்பதுவரை அவன் திரட்டி வைத்திருந்தான். அந்த ஆண்டே நியூ ஜெர்சி 'டேனியல் சட்டம்' கொண்டுவந்தது. பாதுகாப்புக்கு உரிய அதிகாரி எழுதிக் கேட்டால், அவருடைய வீட்டு முகவரியை வெளியிட்டவர்கள் பத்து வேலை நாட்களுக்குள் அதை நீக்கியாக வேண்டும். இதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அடுத்து நடந்ததையும் கேளுங்கள். அதே மாநிலத்தில் நியூ பிரன்ஸ்விக் நகரக் காவல் துறையின் இயக்குநர், இரண்டு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள கேப் மே என்ற கடற்கரை ஊரில் குடியிருந்தார். உள்ளூர்ச் செய்தியாளர் சார்லி க்ராடோவில் வாக்காளர் பதிவை முறைப்படி கேட்டு வாங்கி இதைக் கண்டுபிடித்தார். 2023இல் நகர மன்றக் கூட்டத்தில் எழுந்து, அத்தனை தொலைவில் இருந்துகொண்டு இந்த நகரத்தின் காவலை எப்படி நடத்துகிறார் என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. அதற்குக் கிடைத்தது, டேனியல் சட்டத்தைக் காட்டி ஓர் எச்சரிக்கைக் கடிதம். மீறினால் நஷ்டஈடு மட்டுமல்ல, குற்ற வழக்குக்கும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

க்ராடோவில் தொடுத்த வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. ஊர்ப்பெயரைச் சொல்லலாம்; தெருவையும் கதவு எண்ணையும் வெளியிடச் சட்டம் தடை விதிப்பது செல்லும் என்று 2025 ஜூனில் தீர்ப்பு வந்தது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. செய்திக்கு உயிர் கேப் மே என்ற பெயரில்தான் இருந்தது. கதவு எண்ணில் இல்லை. ஆனால் தீர்ப்பு வந்தது ஈராண்டுக்குப் பிறகு. அதுவரை அந்தக் கடிதத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு எழுத எத்தனை சிறு பத்திரிகைகளுக்குத் துணிவு வரும்? பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் துயரத்தில் பிறந்த சட்டத்தை, நியாயமான கேள்வியை அடக்குவதற்கு எடுத்து நீட்டியது என்னைக் கோபப்படுத்துகிறது.

நம் நாட்டுக்கு வாருங்கள். நமது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவு முன்பு அளந்து பேசியது: பொதுப் பணிக்குத் தொடர்பில்லாத, ஒருவரின் அந்தரங்கத்தில் காரணமின்றித் தலையிடுகிற தகவலை மறுக்கலாம், பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் அதில் இருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வளவையும் எடுத்துவிட்டு, 'தனிநபர் தகவல்' என்ற ஒற்றைச் சொல்லை அங்கே வைத்துவிட்டது. அதிகாரியின் கதவு எண்ணும் தனிநபர் தகவல்தான். எந்த ஒப்பந்ததாரருக்கு அவர் பில் பாஸ் செய்தார் என்பதில் உள்ள பெயரும் தனிநபர் தகவல்தான் என்று ஒரு அலுவலர் எழுதிவிட்டால், மேல்முறையீட்டுக்கு அலைவது நாம்.

ஆகவே, அதிகாரியின் வீட்டு முகவரியை நீங்கள் கேட்காதீர்கள். அவர் பணிபுரியும் ஊரில் குடியிருக்கிறாரா, வாடகைப்படி வாங்குகிறாரா என்று கேளுங்கள். பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்கச் சொல்லும் 10வது பிரிவும் இருக்கிறது. மனுவில் இரண்டையும் எண்ணோடு குறிப்பிட்டு எழுதுங்கள்.