ஆடு வாங்க 30,000 வெள்ளி லோன் போடலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். சுங்கை சிப்புட் பக்கத்துல செம்பனைத் தோட்டத்துல இருக்கோம். எனக்கு வயசு 54, பகல்ல லோரி ஓட்டுறேன், காலையிலயும் சாயங்காலமும் ஆடு பாக்குறேன். 38 பெட்டை செம்மறி, ஒரு கிடாய், கிடாய் எப்பவும் கூடவேதான் மேயும். போன அக்டோபர் நவம்பர் மழையில 41 குட்டி போட்டுச்சு, அதுல 17 செத்துப் போச்சு. அஞ்சு பெட்டை குட்டியே போடல. அது போக பெரிய ஆடு மூணு கண்ணு மஞ்சளாகி, ஒன்னுக்கு காப்பி கலர்ல போயி, ரெண்டே நாள்ல விழுந்துடுச்சு. மில்லுல இருந்து வர்ற பிகேசி, அதான் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, அதுதான் முக்கியமான தீனி. வளந்த குட்டி 650 வெள்ளிக்குப் போகுது. அடுத்த வருஷ குட்டி சீசனுக்கு இன்னும் 20 பெட்டை வாங்கி (ஒன்னு 900 வெள்ளி), கொட்டகையும் பெருசாக்கணும், மொத்தம் 30,000 ஆகும். லோன் போடவா, இல்ல 55 ஆனதும் ஈபிஎஃப்ல (ஊழியர் சேமநிதி) எடுக்கவா? வீட்டுக்காரம்மா சங்கிலிய அடகு வைக்கலாம்னு சொல்றாங்க.

பதில்: அண்ணே, காசு எங்க இருந்து எடுக்கலாம்னு கேட்டிருக்கீங்க, ஆனா உங்க கடுதாசிய ரெண்டு தடவ படிச்சதுல எனக்கு கண்ணுல நின்னது அந்த 17தான். 41ல 17ன்னா பத்து குட்டி பொறந்தா நாலு போயிடுது. இத சரி பண்ணாம இன்னும் 20 பெட்டைய உள்ள விட்டா அதுங்க போடுற குட்டியும் அதே கொட்டகையில அதே மழையிலதான் விழும், அதனால இப்போதைக்கு பெட்டை வாங்காதீங்க.

உங்க நம்பர வெச்சே கணக்கு போட்டுப் பாத்தேன். 20 பெட்டை போன வருஷம் மாதிரியே ஈன்டா 21, 22 குட்டி வரும், போன வருஷம் மாதிரியே செத்தா 12, 13தான் மிஞ்சும், ஒன்னு 650ன்னு வித்தா எட்டாயிரம் வெள்ளி சுத்தி வரும், அதுவும் தீனி காசு கழிக்காம. 30,000 லோன அஞ்சு வருஷத்துக்கு 4 விழுக்காடு நிலை வட்டியில, அதாவது வருஷா வருஷம் முழு 30,000க்கும் வட்டி போடுற கணக்குல, எடுத்தீங்கன்னு வெச்சுக்குங்க, வட்டி 6,000, மொத்தம் 36,000, மாசம் 600, வருஷத்துக்கு 7,200 கட்டணும். எட்டாயிரத்துல 7,200 போயிட்டா தீனிக்கு என்ன இருக்கு, மருந்துக்கு என்ன இருக்கு? இன்னொன்னு, ஆடு மாசா மாசம் காசு தராது, வருஷத்துல ஒரு தடவ ரெண்டு தடவதான் தரும், ஆனா லோன்காரன் மாசா மாசம் வருவான். நடுவுல உள்ள மாசமெல்லாம் லோரி சம்பளத்துல இருந்துதான் போகும். அடகு வட்டியும் மாசக் கணக்குலதான் ஏறும், அக்காகிட்ட சங்கிலிய பத்திரமா வெச்சிருக்க சொல்லுங்க.

இப்ப அடுத்த பக்கம் பாருங்க. புதுசா ஒரு ஆடு கூட வாங்காம அந்த 17அ 7ஆ குறைச்சா பத்து குட்டி கூடுது, 6,500 வெள்ளி. 18,000 போட்டு ஆடு வாங்கி கிடைக்கிறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, இதுக்கு ஆகுற செலவோ சின்னது.

எப்படி குறைக்கிறதுன்னா, குட்டி விழுற தேதியில இருந்து ஆரம்பிக்கணும். நம்ம பக்கம் ஏப்ரல்லயும் அக்டோபர் நவம்பர்லயும்தான் மழை கொட்டும். செம்மறிக்கு சினை சுமாரா 150 நாள். கிடாய இப்பவே பிரிச்சு தனியா கட்டிட்டு ஆகஸ்ட் 15 வாக்குல விட்டீங்கன்னா முதல் குட்டி ஜனவரி 12 கிட்ட விழும், அப்ப மழை கொஞ்சம் ஓஞ்சிருக்கும். பெட்டைக்கு 17 நாளுக்கு ஒரு தடவ பருவம் வரும், அதனால ரெண்டு சுத்து, 35 நாள் விட்டுட்டு கிடாய திரும்ப எடுத்துடுங்க, பிப்ரவரி நடுவுல எல்லா குட்டியும் விழுந்து முடிஞ்சிடும். அந்த அஞ்சு வாரம் மட்டும் ராத்திரி முழிச்சா போதும், வருஷம் பூரா முழிக்க வேணாம், லோரி ஓட்டுற மனுஷனுக்கு இது முக்கியம். கிடாய் இத்தன நாள் கூடவே இருந்ததால இப்பவே சில பெட்டை சினையா இருக்கும், அதுங்களுக்கு மட்டும் அடையாளம் போட்டு தனியா பாத்துக்குங்க. இன்னொரு நல்லது, ஜனவரியில பொறந்தது அந்த வருஷ தீபாவளிக்கு ஒன்பது பத்து மாசக் குட்டி, மிச்சம் வெச்ச கிடாய்க்குட்டி அடுத்த வருஷ ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வயசு தாண்டியிருக்கும், குர்பானிக்கு வாங்குறவங்க அந்த வயசதான் கேப்பாங்க, வெலையும் நின்னு பேசலாம். ஆனா ஹஜ்ஜுப் பெருநாள் வருஷா வருஷம் 10, 11 நாள் முன்னாடி வந்துகிட்டே இருக்கும், அத காலண்டர்ல குறிச்சு வெச்சுட்டு திட்டம் போடுங்க.

அடுத்தது கொட்டகை. எங்க மாமா ரப்பர் தோட்டத்துல செம்மறி வெச்சிருந்தாரு, 80கள்ல பால்மரத்துக்கு கீழ செம்மறிய விட்டா புல்லு அடிக்கிற செலவு குறையும்னு ரப்பர் ஆராய்ச்சிக் கழகமே சொல்லிக்கிட்டிருந்த காலம். ஒரு ராத்திரி அடை மழை, நான் டார்ச்சு புடிச்சுக்கிட்டு நின்னேன். பலகை சந்து அகலமா இருந்ததால அப்பத்தான் பொறந்த குட்டி கால் மாட்டி, உருவி, கீழ புழுக்கையும் தண்ணியும் தேங்கின சேத்துல விழுந்து கெடந்துச்சு. தாய் மேல நின்னு கத்துது, நக்கி காய வைக்க அதால முடியல. மாமா கோணிச்சாக்கால தொடச்சு அடுப்பு பக்கத்துல வெச்சாரு, விடியிறதுக்குள்ள போயிடுச்சு. அதுக்கு நோவு எதுவும் இல்லண்ணே, நனைஞ்சு குளிர்ல சீம்பால் குடிக்க முடியாம செத்துச்சு. உங்க பதினேழுல பாதியாவது இப்படித்தான் போயிருக்கும்னு எனக்கு தோணுது.

அதனால கொட்டகைய பெருசாக்க வேணாம், ஒரு மூலைய மட்டும் சரி பண்ணுங்க. பலகை சந்து ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது, மழை அடிக்கிற பக்கம் தார்ப்பாய் வேணும், தாயும் குட்டியும் ரெண்டு மூணு நாள் தனியா நிக்க அஞ்சாறு சின்ன தடுப்பு, ஒரு லைட்டு, தொப்புளுக்கு அயோடின். பொறந்த கொஞ்ச நேரத்துலயே சீம்பால் வயித்துல எறங்கணும். மரம், ஆள் கூலி எல்லாம் சேத்து 2,500, லைட்டு வயருக்கு 300, மருந்துக்கு 400ன்னு வெச்சுக்குவோம். சினையோட கடைசி ஆறு வாரத்துலதான் குட்டி வேகமா எடை போடும், அப்ப பெட்டைக்கு நாளைக்கு 300 கிராம் தீனி கூட போட்டா 38 ஆட்டுக்கு 42 நாள்ல 480 கிலோ, கிலோ ரெண்டு வெள்ளின்னாலும் 960. இந்த செலவு டிசம்பர்ல வரும், பள்ளி தொறக்குறதும் திரும்ப ஜனவரிக்கே வந்துட்டதால ரெண்டும் ஒன்னா வந்து நிக்கும், காச முன்னாடியே ஒதுக்கி வெச்சிடுங்க.

அந்த மூணு ஆடு செத்தத படிச்சதும் எனக்கு பிகேசி மேலதான் சந்தேகம். அதுல செம்புச் சத்து ஜாஸ்தி, வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறிக்கு ஈரல்ல மாசக் கணக்கா சேந்து ஒரு நாள் திடீர்னு கண்ணு மஞ்சளாகி ஒன்னுக்கு கருத்து விழுந்துடும். நான் டாக்டர் இல்ல, கால்நடை இலாகாவுல ரத்தம் எடுத்துப் பாக்க சொல்லுங்க, பிகேசிய எவ்வளவு குறைக்கணும், துத்தநாகமும் மாலிப்டினமும் எவ்வளவு சேக்கணும்னு அவங்களையே கேளுங்க. மூணு ஆடு 900ன்னா 2,700 வெள்ளி, மலிவுன்னு வாங்கின தீனிக்கு நீங்க கொடுத்த வெலை அதுவா இருக்கலாம். வயித்துப் பூச்சி மருந்தும் எல்லா ஆட்டுக்கும் சும்மா ஊத்தாதீங்க, கீழ் இமைய எறக்கி பாத்து வெளிறி இருக்குறதுக்கு மட்டும் கொடுங்க, எல்லாத்துக்கும் ஊத்தினா கொஞ்ச நாள்ல மருந்து கேக்காம போயிடும், காசும் போகும். காலையில பனி காஞ்ச பெறகு மேய விடுங்க.

இனி காசு. குட்டியே போடாத அந்த அஞ்சு பெட்டைய சினை இருக்கான்னு பாத்துட்டு வித்துடுங்க, 500ன்னு போனாலும் 2,500. கையில இருக்குற 24 குட்டியில கிடாய்க்குட்டியா பாத்து பத்த வித்தா 6,500. மொத்தம் 9,000. செலவு மேல சொன்னது 4,160. நீங்க வாங்க வேண்டிய ஒரே ஆடு புது கிடாய், ஏன்னா நல்ல பெட்டைக்குட்டிங்கள வெளிய விக்காம வளத்தா அதுவே உங்க புது பெட்டை, ஆனா அதுங்களுக்கு இப்ப உள்ள கிடாய்தான் அப்பன். அதுக்கு 1,500 வெச்சா மொத்தம் 5,660, கையில 3,340 நிக்கும். லோனே இல்லாம முடியுது. அந்த 3,340அ லோரி சம்பளம் வர்ற கணக்குல கலக்காம வேற கணக்குல போடுங்க.

ஈபிஎஃப்ப பத்தி கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். 55ல எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு, ஆனா 2024க்கு அவங்க கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு, நீங்க தூங்கினாலும் அது வளரும், மழை பேஞ்சா சாகாது. எடுக்குறதுக்கு பதிலா, சொந்தத் தொழில் செய்றவங்க தானா காசு போடுற ஈபிஎஃப் திட்டம் ஐ-சாரான்ல பதிஞ்சு ஆடு வித்த காசுல வருஷம் 2,500 போட முடியுமான்னு பாருங்க, அரசாங்கம் 20 விழுக்காடு, அதாவது 500 வெள்ளி சேத்துப் போடும். லோரி முதலாளி உங்களுக்கு ஈபிஎஃப் கட்டுறாரான்னும் போய் கேளுங்க, அத நீங்க எழுதவே இல்ல.

ஒரு சீசன் முடிஞ்சு 30 குட்டிக்கு மேல பொழைச்சு நின்னுச்சுன்னா, அப்ப சிறுதொழிலுக்கு கடன் கொடுக்குற தெக்குன்ல, இந்தியர்களுக்குன்னு உள்ள ஸ்பூமி திட்டத்தையோ அக்ரோ பேங்கையோ பாத்து பத்தாயிரம் கேக்கலாம், தப்பில்ல. அப்ப அவங்க கணக்கு கேப்பாங்க, அதனால இன்னைக்கே ஒரு நோட்டு போடுங்க, எந்த ஆடு என்னைக்கு ஈன்டுச்சு, எது எதனால செத்துச்சு, தீனி எவ்வளவுன்னு. அதுக்கு முன்னாடி ஒரு வேல இருக்கு, செம்பனைக்கு கீழ மேய்க்க தோட்டத்து மேனேஜர் வாயால சொன்னதா இல்ல கடுதாசி கொடுத்தாரான்னு பாருங்க. வாயால சொன்னதுன்னா அடுத்த மேனேஜர் வந்தா செல்லாது, எழுதி வாங்குங்க, களைக்கொல்லி எந்த பிளாக்ல என்னைக்கு அடிப்பாங்கன்னு மண்டோர்கிட்ட (கங்காணி) முன்கூட்டியே சொல்ல சொல்லுங்க. ஆகஸ்ட்ல கிடாய விட்ட தேதிய எனக்கு எழுதி அனுப்புங்கண்ணே, டிசம்பர் தீனி காச எந்த மாசம் எவ்வளவு ஒதுக்குறதுன்னு சேந்து போட்டுப் பாப்போம்.